மாடிக்கு ஏறிய பீரோ

இந்தத் தாளின் இடது ஓரத்தில் உள்ள நீல மைக்கறை என்னுடையது. வாக்குமூலம் எழுதும் காவலர் மைப்பெட்டியை மேசையில் நகர்த்தி வைத்தவுடன், அவர் ஒன்றும் கேட்பதற்கு முன்பே நான் கட்டைவிரலை அதில் அமுக்கித் தாளிலும் பதித்துவிட்டேன். மெத்தைக் கடையில் வாடிக்கையாளருக்கு ஸ்பாஞ்சை அமுக்கிக் காட்டியே பழகிய விரல், எதைக் கண்டாலும் அமுக்கிவிடும். "எழுதப் படிக்கத் தெரியாதா?" என்று கேட்டார். "பத்தாவது வரைக்கும் போனேன் சார், அதுக்கு மேல பள்ளிக்கூடம் என்னைத் தாங்கல" என்றேன். கறையைக் கணக்கில் கொள்ள வேண்டாம். கடைசியில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

பெயர், தகப்பனார் பெயர், விலாசம் ஆகியவை மேலே கட்டத்தில் எழுதியபடி சரி. வயது ஐம்பத்தெட்டு. தொழில் மெத்தைக் கடையில் விற்பனையாளர். இறந்துபோனவர் என் ஒரே மகன். என் மனைவி இந்த அறைக்கு வெளியே பெஞ்சில் இருக்கிறார். அறைக் கதவு சாத்த வராது. காவலர் எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதுகிறவர்.

என் மகன், கோழி இறைச்சியை உறைய வைத்துப் பெட்டியில் அடைக்கும் ஆலையில், பெட்டி கட்டும் கூடத்தில் வேலை பார்த்து, ஆலையின் விடுதியிலேயே தங்கியிருந்தான். தொற்று பரவி ஊரில் எல்லாக் கதவும் மூடிய பின்னும் அந்த ஆலைக் கதவு மூடவில்லை. மாதத்தில் ஒரு ஞாயிறு வீட்டுக்கு வருவான். நாங்கள் கீழ்த்தளத்தில் சுவரெல்லாம் ஈரம் ஏறியதால் அதே கட்டடத்தின் இரண்டாம் மாடிக்குக் குடி மாறியிருந்தோம். இரும்பு பீரோ மட்டும் கீழேயே நின்றது. என் மனைவி போன் செய்து, "நீ வந்தாத்தான்பா அது மேல ஏறும். உங்கப்பாவை நம்பினா பீரோவுக்கு முன்னாடி அவரைத்தான் தூக்கணும்" என்று அழைத்ததன்பேரில், அந்த மாதம் வர முடியாது என்றிருந்தவன் வந்தான். அதன்பின் நானும் அவனும் பீரோவைத் தூக்கி மாடியில் வைத்தோம்.

இந்த இடத்தில் என் மனைவி வெளியிலிருந்து, "ஏங்க, சரியா சொல்லுங்க. நீங்க எங்க தூக்குனீங்க? பிடிச்சுக்கிட்டு வந்தீங்க. தூக்குனது என் பிள்ளை" என்றார். அதையும் எழுதலாமா என்று காவலர் கேட்டார். எழுதலாம், உண்மைதான் என்றேன். "அன்னிக்கு அவனுக்கு ஒரு தும்மல்கூட இல்ல சார். மேல வந்ததும் நெத்தியைத் தொட்டுப் பார்த்தேன், சில்லுன்னு இருந்துச்சு. நோயாளி பீரோ தூக்குவானா?" என்று அவர் சொன்னதும் எழுதப்பட்டது.

அதன்பின் அவன் ஆலைக்குத் திரும்பினான். அதன்பின் எனக்கும் மனைவிக்கும் சில நாள் காய்ச்சல் இருந்து தீர்ந்தது. அதன்பின் இரண்டு வாரம் முடிவதற்குள் ஒரு பகலில், பெட்டியை நாடாவால் கட்டிக்கொண்டிருந்தவன் அந்தப் பெட்டியின் மேலேயே சாய்ந்தான். பக்கத்தில் இருந்தவர்கள் தூங்கிவிட்டான் என்று நினைத்தார்களாம். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் உயிர் இல்லை.

அதன்பின் ஆலை மேலாளர் என்னை அறைக்குள் அழைத்து உட்கார வைத்து, "எங்க கூடத்துல யாருக்கும் ஒண்ணும் இல்லைங்க. லீவுல போகும்போது நல்லாத்தான் போனார். உங்க வீட்டுல ரெண்டு பேருக்கும் காய்ச்சல் வந்திருக்கு. நாங்க என்ன சொல்றது?" என்றார். சிகரெட் பிடிப்பானா என்றும் கேட்டார். "பிடிப்பான் சார். வாங்குறது மட்டும் கிடையாது. என் பாக்கெட்தான்" என்றேன். அவர் தலையை ஆட்டிக் குறித்துக்கொண்டார். நான் வாயை மூடியிருக்கலாம். மூடிப் பழக்கமில்லை.

அதன்பின் மகனின் அறைத்தோழனைச் சந்தித்தேன். அவனை எல்லோரும் மொட்டை என்று அழைக்கிறார்கள். ஆலை வாசலில் நெற்றிக்கு நேரே காய்ச்சல் கருவி பிடிக்கும் மேற்பார்வையாளருக்கு அவர்கள் வைத்த பெயர் டார்ச். மொட்டை சொன்னது: "காய்ச்சல் காட்டுச்சுன்னா திருப்பி அனுப்ப மாட்டாங்க அங்கிள். ஒரு மாத்திரை குடுத்து, கூலிங் ரூம் கதவுல கொஞ்ச நேரம் நெத்தியை வெச்சுட்டு வரச் சொல்வாங்க. மறுபடி டார்ச் அடிச்சா நார்மல். உள்ள போன்னுடுவாங்க." இப்போதும் அப்படித்தானா என்று கேட்டேன். "நேத்துகூட நான் வெச்சேன்" என்றான். சொல்லும்போதே இருமினான். வேலையை விட்டுவிடேன் என்றேன். விட்டால் விடுதியையும் விட வேண்டும், போக இடமில்லை என்றான்.

வேலை செய்யும் இடத்தில் இறந்ததால் பிரேதப் பரிசோதனை வேண்டும் என்று காவல் நிலையத்தில் சொன்னதற்கு நான் சம்மதித்தேன். "செத்தவனையும் கிழிக்கணுமா?" என்று கேட்ட என் மனைவி, அதற்குப்பின் சில நாள் என்னோடு பேசவில்லை. இருபத்தொன்பது வருடக் குடித்தனத்தில் அவர் பேசாமல் இருந்தால் எனக்குக் கொண்டாட்டம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான்.

அதன்பின் சில வாரம் கழித்து, பரிசோதனை செய்த பெண் டாக்டர் என்னை வரச் சொன்னார். நுரையீரலிலிருந்து எடுத்த துணுக்குகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துவிட்டதாகச் சொல்லி, என் தொழிலைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, எனக்கு விளங்கும்படி பேசினார். "நல்ல நுரையீரல் உங்க கடை ஸ்பாஞ்ச் மாதிரிதாங்க ஐயா. அமுக்கினா எழும்பும். உங்க பையனோடது எழும்பல. ரப்பர் மாதிரி இறுகிடுச்சு. எடையும் ரெண்டு மடங்குக்கு மேல" என்றார். காற்று நிற்க வேண்டிய சின்னச் சின்ன அறைகளின் உள்சுவரில் கண்ணாடித்தாள் ஒட்டியது போல ஒரு படலம் மூடியிருந்தது என்றும், நூல் போன்ற ரத்தக் குழாய்களில்கூட ரத்தம் கட்டி அடைத்திருந்தது என்றும், அது தொற்றின் வேலை என்றும் சொன்னார். சிகரெட்டைப் பற்றிக் கேட்டேன். "கறுப்பு கொஞ்சம் இருக்கு. அது கொல்லல" என்றார். "அப்ப நான் தப்பிச்சேனா டாக்டர்?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. என் வாயை நான் அங்கேயே தைத்துக்கொண்டிருக்க வேண்டும்.

எத்தனை நாளாக நோய் இருந்தது என்று டாக்டர் சொன்னாரா எனக் காவலர் கேட்டார். அதை என் கையாலேயே எழுதித் தருகிறேன் என்றேன். அவர் வெளியே பெஞ்சைப் பார்த்துவிட்டுப் பேனாவைக் கொடுத்தார். இதற்குக் கீழே உள்ளது என் எழுத்து. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

டாக்டர் சொன்னது: படலம் புதுப் புண். ஆனால் நுரையீரலில் நிறைய இடத்தில் பழைய புண் ஆறி இறுகிய தழும்பு இருந்தது. அந்த மாதிரித் தழும்பு ஒரு வாரத்தில் விழாது. சாகும்போது நோய்க்கு வயது மூன்று வாரமாவது இருக்கும். ஆகவே அந்த ஞாயிறு அவன் வீட்டுக்கு வரும்போதே நோயோடுதான் வந்தான். எங்களிடமிருந்து அவனுக்கு வரவில்லை. ஆலை சொல்வது பொய். அந்தக் கூடத்தை மூட இது ஒன்றுதான் என்னிடம் இருக்கிறது. மொட்டை இன்னும் அங்கேதான் இருக்கிறான்.

பீரோவை ஒவ்வொரு திருப்பத்திலும் இறக்கி வைத்தான். முன்பெல்லாம் அப்படிச் செய்கிறவன் இல்லை. "என்னடா, கிழவன் மாதிரி மூச்சு வாங்குற?" என்றேன். "எனக்கில்லப்பா, பீரோவுக்கு" என்றான். அந்த வாய் என்னிடமிருந்து அவனுக்குப் போனது. மேலேயிருந்து அவன் அம்மா "இன்னுமா?" என்று கேட்டபோது, பேசாதே என்று எனக்குக் கை காட்டிவிட்டு, கடைசித் திருப்பத்தில் நெற்றியை பீரோவின் இரும்பில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றான். வேடிக்கை காட்டுகிறான் என்று நினைத்து நான் ஒரு சிகரெட்டைப் பற்ற வைத்தேன். அதன்பின் மேலே போய் அம்மா தொட்டுப் பார்க்க நெற்றியைக் காட்டினான்.

அன்று பாரம் தூக்காமல் இருந்திருந்தால் பிழைத்திருப்பானா என்று டாக்டரைக் கேட்டேன். "அதை யாராலயும் சொல்ல முடியாதுங்க" என்றார். சொல்ல முடியாது என்பது என் மனைவியின் காதில் ஆமாம் என்றுதான் விழும். போன் செய்து வரவழைத்தது அவர். அவன் நன்றாக இருந்தான் என்று அவர் சொன்னதையும் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். ஆலைக்காரர்கள் அதைத்தான் பிடித்துக்கொள்வார்கள். அவர் பொய் சொல்லவில்லை. தொட்டது இரும்பின் குளிரை.

இதை நீதிமன்றத்தில் படிக்காமல் முடியாது என்று தெரியும். படிக்கும் நாளில் அவரைச் சாட்சிக்கு அழைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். இப்போது எனக்குப் படித்துக் காட்டவும் வேண்டாம். நானே மனதுக்குள் படித்துப் பார்த்துவிட்டேன். யார் சொல்லியும் எழுதவில்லை. எல்லாம் நடந்தபடியே இருக்கிறது.

எழுதிக்கொண்டிருக்கையில் என் மனைவி எழுந்து வாசலுக்கு வந்து, "இவ்வளவு நேரமா என்னங்க எழுதுறீங்க?" என்று கேட்டார்.

"கையெழுத்துதான்" என்றேன்.

(கையெழுத்து)