சந்தனம் பூசிய மரநூலகம்

கையெட்டும் தூரத்தில் மணியை வைத்துக்கொண்டு, இந்த அவைக்குத் தலைமை ஏற்றிருக்கும் மன்றத் தலைவர் உயர்திரு சிதம்பரநாதன் அவர்களே! நான் எப்போது பேசி முடிப்பேன் என்று தீர்மானத் தாளோடு காத்திருக்கும் செயலாளர் சற்குணம் அவர்களே! கெலுகோரிலிருந்தும் ஆயர் ஈத்தாமிலிருந்தும் பஸ் பிடித்தும், சிம்பாங் அம்பாட்டிலிருந்து கடல் கடந்தும் வந்திருக்கும் பெரியோர்களே! முன்வரிசையையும் நிறைத்து, முகத்தில் கொஞ்சம் மனத்தாங்கலையும் நிறைத்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே! அவர்கள் நடுவே வீற்றிருக்கும் முத்தம்மை ஆச்சி அவர்களே! நாற்காலி கிடைக்காமல் சன்னலோரம் நிற்கும் மாணவச் செல்வங்களே! உங்கள் நூலகப் பொறுப்பாளர் வள்ளிநாயகியின் பணிவான வணக்கம்.

இன்று காலை எழுந்ததும் நான் செய்த முதல் வேலை, சோப்புப் போடாமல் கை கழுவியது. வெறும் தண்ணீர். அதன்பின் தலைக்கு எண்ணெய் வைக்கவில்லை, முகத்துக்குப் பவுடர் போடவில்லை, கூந்தலில் பூ வைக்கவில்லை. சாமி விளக்கை ஏற்றும்படி கணவரிடம் சொல்லிவிட்டு, ஊதுபத்தி கொளுத்துவதற்கு முன்பே வீட்டை விட்டு வெளியேறினேன். இந்த மண்டபத்தின் மாடிக்கு வந்து, நூலகத்தைத் திறந்து, அலமாரியில் இருக்கும் மரக்கட்டைகளை ஒவ்வொன்றாய் எடுத்து முகர்ந்தேன்.

என்ன அண்ணே? பின்னால் நூர் முகம்மது அண்ணன் ஏதோ கேட்கிறார். சத்தமாகவே கேளுங்கள்.

"பூவும் இல்லே, வாசல்ல சந்தனமும் எடுக்கலே. யாரு மேலே கோபம் லா அக்கா?"

சிரியுங்கள், சிரியுங்கள். அண்ணன் கேட்டது நியாயமான கேள்வி. மாலையில் வாசலில் ஆச்சி நீட்டிய சந்தனக் கிண்ணத்தைத் தொடாமல் உள்ளே வந்தேன். பார்த்தவர்கள் பலர். பக்கத்தில் இருந்தவர் காதில் சொன்னவர்கள் அதைவிடப் பலர். கோபம் இல்லை அண்ணே. என் விரலிலும் சந்தனம் ஏறிவிட்டால், மாடியில் இருக்கும் மரங்களை யார் முகர்வது? அதைச் சொல்லத்தான் இந்த மேடைக்கு வந்திருக்கிறேன்.

வனக்கல்வியும் அதன் நூலகங்களும் என்பது எனக்குத் தந்த தலைப்பு. தலைப்பை விட்டு விலகமாட்டேன், தலைவர் அவர்களே.

காட்டை வெட்டத் தெரிந்த மனிதன், காட்டைப் படிக்க வேண்டும் என்று எப்போது நினைத்தான்? வெட்டி வெட்டிக் காடு குறைந்த பிறகுதான் நினைத்தான். கப்பலுக்கு மரம் போயிற்று, சுரங்கத்துக்கு மரம் போயிற்று, உலைக்கு மரம் போயிற்று. மிச்சம் என்ன என்று திரும்பிப் பார்த்தபோதுதான் ஜெர்மானிய நாட்டில் முதல் வனப்பள்ளிகள் பிறந்தன. பிறகு பிரான்சில் நான்சி, இந்தியாவில் டேராடூன், நம் நாட்டில் கெப்போங். இப்போது செர்டாங்கில் பட்டப்படிப்பே வந்துவிட்டது.

பள்ளி பிறந்த இடத்தில் நூலகமும் பிறந்தது. ஆனால் அது எப்படிப்பட்ட நூலகம்? ஓர் அலமாரியில் காகிதம், அடுத்த அலமாரியில் மரம். ஜெர்மனியில் மரத்தையே புத்தக வடிவில் செய்து, முதுகில் பட்டையை ஒட்டி, உள்ளே இலையும் விதையும் வைத்து அடுக்கினார்கள். மருத்துவம் படிப்பவனுக்கு உடல் வேண்டும், வனம் படிப்பவனுக்குக் கட்டை வேண்டும். படத்தில் பார்த்து மெராந்தி மரத்தைப் படிக்க முடியுமா? பாடம் ஒப்பித்துச் செங்கால் மரத்தை அறிய முடியுமா? வெட்டுமுகத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்க்க வேண்டும். அங்கே ஊசிமுனை போன்ற துளைகள் எப்படி நிற்கின்றன என்று காண வேண்டும். பிறகு மூக்கருகே கொண்டுபோக வேண்டும். கண் பாதி சொல்லும், மூக்கு மீதி சொல்லும்.

அப்படி ஒரு மர அலமாரி, தமிழர்கள் நடத்தும் ஒரு வாசகர் மன்றத்தின் மாடியில் இருக்கிறது என்பது இந்தப் பினாங்குத் தீவுக்குப் பெருமை இல்லையா? வனப்பள்ளி ஒன்றில் ஆசிரியராய் இருந்து ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்துக்காரர் ஐயாத்துரை அவர்கள், தம் புத்தகங்களையும் கட்டைகளையும் இந்த மன்றத்துக்கே எழுதி வைத்துவிட்டுப் போனார். பகலில் நான் வேலை பார்க்கும் கெலுகோர்ப் பல்கலைக்கழக நூலகத்திலும் இத்தகைய கட்டைகள் இல்லை. விடுமுறைக்கு ஊர் வரும் வன மாணவர்கள் நம் படியைத்தான் ஏறி வருகிறார்கள். தமிழ்ப் பிள்ளைகள் வருகிறார்கள், சீனப் பிள்ளைகள் வருகிறார்கள், மலாய்ப் பிள்ளைகள் வருகிறார்கள்.

கைதட்டுங்கள். இனி வருவது கைதட்டுவதற்கு உரியதல்ல.

கடந்த நவராத்திரிக்கு, வழக்கம்போல் மன்றத்தின் நூல்களையெல்லாம் சரஸ்வதிக்கு முன் அடுக்கினோம். புத்தகங்களுக்குப் பொட்டு வைத்தோம். கட்டைகளும் படிப்புப் பொருள்தானே, அவற்றையும் அடுக்கினோம். அந்த வாரம் நான் கோலாலம்பூரில் ஒரு கூட்டத்துக்குப் போயிருந்தேன். இங்கே நல்ல மழை. மழை ஈரத்தில் ஒரு கட்டை தன் வாசத்தை வெளியே விட்டது. அது கூலிம் மரம். எதிர்க்கரைக்கு அப்பால் இருக்கும் கூலிம் ஊருக்குப் பெயர் தந்ததாகச் சொல்வார்களே, அதே மரம்தான். அதன் குணம் என்ன தெரியுமா? பூண்டு வாடை.

நவராத்திரி. சரஸ்வதியின் சன்னிதி. அங்கே பூண்டு வாடை.

பூஜையைப் பார்த்துக்கொண்ட முத்தம்மை ஆச்சியின் இடத்தில் நான் இருந்திருந்தால் என்ன செய்திருப்பேன்? நேர்மையாகச் சொல்கிறேன், நானும் பதறித்தான் இருப்பேன். ஆச்சி அந்தக் கட்டையின் முகம் முழுக்கச் சந்தனம் குழைத்துப் பூசினார். ஒன்றுக்குப் பூசி மற்றதற்குப் பூசாமல் விட மனம் வருமா? எல்லாவற்றுக்கும் பூசினார். பன்னீர் விட்டு, பூஜை முடியும் வரை தினமும் பூசினார். நான் திரும்பி வந்து கேட்டபோது அவர் சொன்னதை இன்றும் மறக்க முடியவில்லை.

"படிப்புச் சாமான் வெறும் நெத்தியா நின்னுச்சு வள்ளி. பாக்க மனசு கேக்கலே."

இதில் குற்றம் எங்கே இருக்கிறது, சொல்லுங்கள். இதைவிடப் பாசமாய் ஒரு நூலகத்தை யார் பார்த்துக்கொள்வார்கள்? ஆனால் பாசம் துளைக்குள் போய்விட்டது. துளைகளை அடைத்துவிட்டது. துடைத்துப் பார்த்தேன், சந்தன நிறம் போயிற்று, மணம் போகவில்லை. பூண்டு மரமும் சந்தனம், புளிப்பு மரமும் சந்தனம், மணமே இல்லாத மரமும் சந்தனம்!

போன வாரம் ரோஹானா வந்தாள். அதோ, சன்னலோரம் நிற்கிறாள். செர்டாங்கில் வனம் படிக்கும் ஆயர் ஈத்தாம் பெண். அடுத்த வாரம் அவளுக்கு மரம் அறியும் தேர்வு. பெயர் எழுதாத கட்டையைக் கையில் கொடுப்பார்கள், இன்ன மரம் என்று சொல்ல வேண்டும். ஒருமுறை தோற்றுவிட்டாள். இம்முறையும் தோற்றால் உதவித்தொகை நின்றுவிடும், படிப்பும் நின்றுவிடும். கட்டைகளை ஒவ்வொன்றாய் எடுத்துப் பார்த்தாள், முகர்ந்தாள், வைத்தாள். என்னைக் குறை சொல்லவில்லை. உருப்பெருக்கிக் கண்ணாடியை மேசைமேல் வைத்துவிட்டு, "செமுவா சாமா, காக்" என்றாள். எல்லாமே ஒன்றுதான் அக்கா என்றாள்.

வழி இல்லையா? இருக்கிறது. எளிய வழி. கூரிய கத்தியால் கட்டையின் முகத்தில் நகக்கனம் சீவினால் போதும். உள்ளே புதிய முகம் வரும். துளை தெரியும். மணமும் திரும்பலாம். எல்லா வனப்பள்ளியிலும் அப்படித்தான் சீவிச் சீவிப் படிக்கிறார்கள். இதை நான் செயற்குழுவில் சொன்னேன். செயலாளர் மெதுவாகத்தான் கேட்டார்.

"சாமிக்கு வெச்சதிலே கத்தி வைக்கிறதா? நாளைக்கு யாரு வீட்டிலாவது ஒண்ணு நடந்தா, நீங்க பொறுப்பு எடுப்பீங்களா அக்கா?"

அவர் அச்சத்தை நான் கேலி செய்யமாட்டேன். எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வி என்னைப் பல நாள் தூங்கவிடவில்லை. அந்த அச்சத்தின் விளைவுதான் இன்றைய தீர்மானம். கட்டைகளைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துப் பூட்டுவது, நவராத்திரிக்கு மட்டும் திறப்பது. என் பேச்சு முடிந்ததும் நீங்கள் கை தூக்கப் போகிறீர்கள்.

மணி அடிக்கிறது. கேட்டேன், தலைவர் அவர்களே. இன்னும் சற்றுப் பொறுத்தருள வேண்டும். பூட்டிய பிறகு பேசுவதற்கு ஒன்றும் இருக்காது.

தாய்மார்களே, ஒன்றே ஒன்று கேட்கிறேன். சரஸ்வதி பூஜைக்கு மறுநாள் நாம் என்ன செய்கிறோம்? விஜயதசமியன்று புத்தகத்தை எடுத்துப் பிரித்து ஒரு வரியாவது படிக்கிறோமா இல்லையா? தையல்காரர் பொட்டு வைத்த கத்தரிக்கோலை எடுத்துத் துணி வெட்டுகிறாரா இல்லையா? பிள்ளையின் விரலைப் பிடித்து அரிசியில் எழுத வைக்கிறோமா இல்லையா? எடுத்துப் புழங்கினால்தானே பூஜை நிறைவு? பொட்டு வைத்த புத்தகத்தைப் பூட்டி வைத்த வீடு எது? புத்தகத்தைப் பிரித்தால் படிப்பு. கட்டையைச் சீவினால் படிப்பு. நாம் இன்னும் இந்த ஆண்டுப் பூஜையை முடிக்கவில்லை, தாய்மார்களே! பாதியில் நிற்கிறோம்! பாதியில் நிறுத்திப் பூட்டப் போகிறோமா?

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், மணியைக் கையில் எடுத்துவிட்டு மீண்டும் கீழே வைத்த தலைவருக்கும், என்னை எதிர்ப்பதாக இருந்தும் முதலில் பேச விட்ட செயலாளருக்கும் என் நன்றி. விடைபெறும் முன், இதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வேண்டும். அதோ அமர்ந்திருக்கும் என் கணவருக்கும் தெரியாது.

இந்தப் பையில் ஒரு கத்தியும் ஒரு கட்டையும் இருக்கின்றன. காலையில் மாடியில் இரண்டு கட்டைகளை எடுத்து வைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்று கப்பூர். சீவினால் கற்பூர மணம் வரும் மரம். அதைக் கொண்டுவந்து இங்கே சீவியிருந்தால், சந்தனத்துக்குள்ளே கற்பூரம் என்று நீங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டிருப்பீர்கள். தீர்மானமும் தோற்றிருக்கும். கை அதை எடுத்துவிட்டது. மனம் திரும்ப வைக்கச் சொன்னது. நமக்குப் பிடித்த மணத்தைக் காட்டி வாக்கு வாங்கினால், பிடிக்காத மணத்துக்கு அடுத்த நவராத்திரியில் என்ன கதி? ரோஹானாவின் தேர்வில் கற்பூரம் மட்டுமா வரும்?

நான் கொண்டுவந்திருப்பது கூலிம். வாக்கெடுப்புக்கு முன்னால், இந்த அவையில், இதன் முகத்தைச் சீவப் போகிறேன். வீட்டில் ஒத்திகை பார்க்கவில்லை. சந்தனம் எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. பூண்டு மணம் வராவிட்டால், பூட்டச் சொல்லும் தீர்மானத்துக்கு முதலில் உயரும் கை என்னுடையது. நூலகச் சாவியையும் இங்கேயே கொடுத்துவிட்டுப் போகிறேன். வந்தால், கட்டை வரிசை வரிசையாக உங்கள் கைக்கு வரும். முகர்ந்துவிட்டு வாக்களியுங்கள். செயலாளர் கேட்ட பொறுப்பை இந்தச் சபை அறிய நான் ஏற்கிறேன். எது வந்தாலும் என் வீட்டுக்கு வரட்டும்.

எல்லோருக்கும் என் வணக்கம். முத்தம்மை ஆச்சி, கொஞ்சம் மேடைக்கு வாருங்கள். கட்டையை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள்.