ஆஃப் பண்ணிட்டேன்

வார்டு கூட்டத்துக்கு வந்த எல்லாருக்கும் வணக்கம். மைக்கைக் கையில குடுத்துட்டீங்க. எங்க வீட்டுப் பசங்களைப் பத்தி ரெண்டு வார்த்தை சொல்லாம எனக்குப் பேச்சு வராது. பெரிய பேத்தி சுகந்தி நர்ஸ் படிப்பை முடிச்சு வேலூர்ல வேலையில சேர்ந்துட்டா. அவ தம்பி கபடியில மாவட்டம் வரைக்கும் போய்க் கோப்பையோட வந்தான். மக வயித்துப் பேரன் பிளஸ் டூ கணக்குல நூத்துக்கு நூறு. கடைக்குட்டி, யூகேஜிதான், ஆண்டு விழாவுல கிளி வேஷம் கட்டி மேடையேறினா, அழவே இல்ல.

கவனிச்சீங்களா? எல்லாம் நடந்து முடிஞ்சது. நடக்கப் போறதை ஒண்ணுகூட நான் சொல்லல. ஏன்னு கேளுங்க... அதுக்கு ஒரு சின்ன சங்கதி இருக்கு. கொஞ்சம் காது குடுங்க.

பக்கத்துத் தெருவுல தண்ணி இறைக்கிற போர் மோட்டார் நின்னுபோச்சு. நல்ல கோடை. தெருவே காலிக் குடத்தை வச்சிகினு உக்காந்திருக்கு. மோட்டாருக்கு வர்ற வயரு கம்பத்து உச்சியில கருகிப்போச்சு. அதைச் சரிபண்ண வந்தவன் ஒயர்மேன் தனகோட்டி. ஏணியைக் கம்பத்துல சாய்ச்சான். கீழ ஏணியைப் பிடிச்சிகினு நின்னது அவன் பொண்டாட்டி தேசம்மா.

மெயின் சுவிட்ச் எங்க இருக்கு? மோட்டார் ரூமுல. ரூமு எங்க இருக்கு? மூலை திரும்பினா. கம்பத்துல இருந்து பாத்தா தெரியாது. சாவி யார்கிட்ட? தெருச் சங்கச் செயலாளர் முனிரத்தினத்துகிட்ட. நல்ல மனுஷன். எறும்பைக்கூட மிதிக்கமாட்டாரு.

ஏணியில கால் வச்சுகினு தனகோட்டி குரல் குடுத்தான். "அண்ணா, மெயினை ஆஃப் பண்ணிட்டீங்களா?"

மூலைக்கு அந்தப் பக்கத்துல இருந்து பதில் வந்துச்சு. "பண்ணிட்டேன், பண்ணிட்டேன். நீ ஏறுப்பா."

ஏறினான்... மேல போயிட்டான். கைக்கும் வயருக்கும் ஒரு முழம்தான் இருக்கும். அப்போ தேசம்மா இன்னா பண்ணா தெரியுமா? அவளும் ஏணியில ஏறி, அவன் கணுக்காலை இறுக்கிப் பிடிச்சிகினா.

"தொடாத."

"காலை விடுமே. விழுந்துடப் போறேன். அதான் பண்ணிட்டேன்னு சொன்னாரில்ல?"

கரண்ட் இருக்கான்னு டெஸ்டர் வச்சுப் பாக்கமாட்டானான்னு நீங்க கேப்பீங்க. டெஸ்டர் பையில இருக்கு. பை ஏணிக்கு அடியில கிடக்கு. ஒரு பெரிய மனுஷன் பண்ணிட்டேன்னு சொன்னப்புறம் டெஸ்டர் எதுக்குன்னு இருந்துட்டான்.

குடத்தோட உக்காந்திருந்தவங்களுக்கு வெயில் தாங்கல. ஆளாளுக்குக் கத்தறாங்க. புருஷன் மேல அவ்ளோ ஆசையிருந்தா வீட்டுல வச்சுக் கொஞ்சிக்கோ, முதல்ல தண்ணி வரட்டும்னு ஒருத்தி கிண்டல் பண்ணா. எல்லாரும் சிரிச்சாங்க. தனகோட்டிக்கு மானம் போச்சு, வாய்க்கு வந்தபடி பொண்டாட்டியைத் திட்டினான். அவ பிடிச்ச காலை விடல.

"யோவ், நேத்து போன்ல இன்னா சொன்ன? 'வந்துட்டேன், சோத்தைப் போடு'ன்ன. அப்போ எங்க இருந்த நீ?"

தனகோட்டி கீழ குனிஞ்சு பாத்தான்.

"போட்ட சோறு காஞ்சே போச்சு. உன் 'வந்துட்டேன்' மாதிரிதான் அவரு 'பண்ணிட்டேன்'. கையை எடு."

நியாயமா சொல்லுங்க, நம்மள்ல யாரு இதைச் சொல்லாதவங்க? சட்டைக்குப் பட்டன் போட்டுகினே "கெளம்பிட்டேன்"ங்கிறோம். தலையில சோப்பு நுரையோட "பஸ் ஸ்டாண்டைத் தாண்டிட்டேன்"ங்கிறோம். பொய் சொல்லணும்னு சொல்றோமா? இல்ல. செய்யணும்னு மனசு நினைச்ச உடனே, செஞ்சுட்டதா வாய் சொல்லிடுது...

தேசம்மா மூலைப் பக்கம் திரும்பினா. "அண்ணா, மெயின் கைப்பிடி மேல இருக்கா, கீழ இருக்கா? கிட்டப் போய்க் கண்ணால பாத்துச் சொல்லுங்க."

பதில் இல்ல.

சிரிச்சுகினு இருந்த தெரு அப்படியே அடங்கிப்போச்சு. தனகோட்டி கை அந்தரத்துல நிக்குது. தேசம்மா கை அவன் கணுக்கால்ல. எல்லார் காதும் மூலைப் பக்கம்...

முதல்ல நாற்காலியை இழுக்கிற சத்தம். அப்புறம் செருப்பு சத்தம். அப்புறம்... பூட்டுல சாவி போற சத்தம். ஐயோ, ரூமையே இன்னும் திறக்கலையா? கதவு கிறீச்சுன்னுச்சு. பழைய இரும்பு மெயின் அது, கைப்பிடியை இறக்கினா தெருவுக்கே கேக்கும்.

டொக்.

கேட்டுச்சு. இப்பதான் கேட்டுச்சு.

தனகோட்டி எறங்கி வந்து ஏணிக்கு அடியிலயே உக்காந்துட்டான். மூலை திரும்பி ஓடி வந்தாரு முனிரத்தினம். தோ எழுந்துக்கலாம்னுதான்மா இருந்தேன்னு சொன்னாரு. கிண்டல் பண்ணாளே, அவதான் வீட்டுக்குப் போய், மிச்சமிருந்த சொம்புத் தண்ணியைக் கொண்டாந்து தனகோட்டி கையில குடுத்தா.

தாய்மாருங்களே, அந்த முனிரத்தினத்துக்குக் கெட்ட எண்ணம் ஏதாவது இருந்துச்சா? கிடையாது. ஆனா ஒரு "பண்ணிட்டேன்"ல ஒருத்தி தாலி தொங்கிகினு இருந்துச்சே, அதுதான் விஷயம். செஞ்சப்புறம் செஞ்சேன்னு சொல்லுங்க. செய்யலையா? "செய்யப் போறேன்"னு சொல்லுங்க. அதுல ஒரு கேவலமும் இல்ல. கேக்கறவன் நம்ம வார்த்தையை நம்பித்தான் கையை நீட்டுறான்.

இப்ப நம்ம கவுன்சிலர் தம்பி பேசினாரு. பள்ளிக்கூடத்து வாசல் கால்வாய்க்கு மூடி போட்டாச்சுன்னாரு. நாம கைத்தட்டினோம். தப்பா நினைக்காத கண்ணு, போடணும்னு உனக்கு மனசு இருக்கு, எனக்குத் தெரியும். ஆனா காலையில அந்தப் பக்கமாத்தான் வந்தேன். ஒத்தைப் பலகை கிடக்கு. பசங்க மூட்டையை முதுகுல மாட்டிகினு அது மேலதான் தாண்டுறாங்க. ஒரு மழை பேஞ்சா ரோடு எது, கால்வாய் எதுன்னு அதுங்களுக்கு எப்படித் தெரியும்? மூடி போட்டாச்சுன்னு நம்பித்தானே பெத்தவங்க தனியா அனுப்புறாங்க?

வார்டு வாட்ஸ்அப் குரூப்புல ஒரு போட்டோ போட்டிருக்கீங்க. நல்லாத்தான் இருக்கு. ஆனா அதுல மூடியெல்லாம் ஓரமா அடுக்கி வச்சிருக்கு தம்பி. அடுக்கினது போட்டது ஆகுமா? அதையெல்லாம் கால்வாய் மேல போட்டு முடிங்க. முடிச்சுட்டு, நீங்களே அது மேல ஏறி நின்னு, புதுசா ஒரு போட்டோ எடுத்துப் போடுங்க.