பேச்சியம்மா அளந்த வெடிப்பு

தலைமைப் பொறுப்பேற்று வீற்றிருக்கும் பெருமதிப்புக்குரிய சூசைரட்ணம் ஐயா அவர்களே, தோட்டந்தோறுமிருந்து மழையில் நனைந்து ஹட்டன் வந்து சேர்ந்த பெரியோர்களே, தேயிலைக் கொழுந்துக் கூடையை இறக்கிய களைப்போடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே, என்னோடு பணிபுரியும் ஆசிரியர்களே, உங்கள் அனைவருக்கும் றோசலினின் வணக்கம்!

பிள்ளைகளை வெளியே அழைத்துப்போய் இயற்கையைக் கற்பித்தவள் என்று எனக்கு முன் பேசியவர்கள் என்னைப் புகழ்ந்தார்கள். கைதட்டாதீர்கள், பொறுங்கள். நடந்ததைக் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

சென்ற ஆண்டு, அறுபத்திரண்டு ஆனி மாதம். மூன்றாம் வகுப்போடு, தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் லயத்துக்கு மேலிருந்த மேட்டில் ஏறினேன். புல்லைப் பார்த்தோம், புழுவைப் பார்த்தோம், புற்றைப் பார்த்தோம். எட்டு வயதுப் பேச்சியம்மா மண்ணைப் பார்த்தாள்.

"டீச்சர், இங்க வாங்களேன்! மண்ணு வெடிச்சிருக்கு. என் வெரலு உள்ள போகுது!"

அளந்து வரச் சொன்னேன். அதுவே பாடமானது. திங்களன்று விரல் நுழைந்தது. புதனன்று கை நுழைந்தது. வெள்ளியன்று முழங்கை வரை இறங்கியது. மழை விடவேயில்லை. தோட்டத்து மேற்பார்வையாளர் கண்டாக்கையாவிடம் ஓடினேன்.

"பாடத்தப் பள்ளிக்கூடத்துல நடத்துங்க டீச்சர். மலைய நாங்க பாத்துக்கிறோம். இனி பிள்ளைங்கள அங்க கண்டேன்னா ஒங்க வேலை போயிரும்."

நான் என்ன செய்தேன்? லயத்துக்குப் போனேனா? இல்லை! ஒரு தாயிடமாவது சொன்னேனா? இல்லை! வகுப்புக் கதவைச் சாத்திக்கொண்டு, கரும்பலகையில் பூப்படம் வரைந்தேன்.

அடுத்த செவ்வாய் முற்பகல் மேடு சரிந்தது. தாய்மார் மலையில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தார்கள். லயத்தின் கடைசி இரண்டு வீடுகள் மண்ணுக்குள் போயின. தம்பிக்குக் காய்ச்சலென்று அன்று பேச்சியம்மா பள்ளிக்கு வரவில்லை. மண்வெட்டியால் வெட்டினோம், பிறகு கைகளால் தோண்டினோம். தம்பியைத் தனக்கு அடியில் அணைத்தபடி குப்புறக் கிடந்தாள். இருவர் உடம்பிலும் உயிரில்லை.

யாரது எழுந்து நிற்பது? பேச்சியம்மாவைப் பெற்ற ராசம்மா அக்காவா? சொல்லுங்கள் அக்கா, சபை கேட்கட்டும்.

"எங்ககிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே டீச்சர்! பிள்ளைங்கள தூக்கிக்கிட்டுக் கோயில்லயாவது போய்க் கெடந்திருப்போமே!"

கேட்டீர்களா?

இப்போது சிலர், வெளியே பாடம் நடத்துவது ஆபத்து என்கிறார்கள். ஆபத்தைக் கண்டவள் யார்? குழந்தை! கண்டதைச் சொன்னவள் யார்? குழந்தை! வாய்மூடி இருந்தவர்கள் யார்? பெரியவர்களாகிய நாங்கள்!

ஆசிரியர்களே, பிள்ளைகளை அழைத்துச் செல்லுங்கள். அவர்கள் கண்டதை அன்றே லயத்தில் வீடுவீடாகச் சொல்லுங்கள். வேலை போனால் போகட்டும்! நாளைக் காலை என் வகுப்பு மலையேறுகிறது. தடுக்க நினைப்பவர்கள் அங்கே வரட்டும்.

பேச இடம் தந்த தலைவருக்கும், என்னைக் கேள்வி கேட்ட ராசம்மா அக்காவுக்கும் நன்றி சொல்லி, வணங்கி அமர்கிறேன்.