வேப்பிலை இல்லாத கதவு

படம் நன்றாக இல்லை என்பதை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். அதில் நமக்குள் தகராறு வேண்டாம். ‘பேய்க்குப் பேதி’ முதல் பாகம் காரைக்குடியில் எழுபத்தைந்து நாள் ஓடியது. இரண்டாம் பாகம் எட்டாம் நாளே பெட்டிக்குள் போனது. ஏன் என்று ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். சரியான காரணம் எனக்குத்தான் தெரியும். உங்கள் ரைட்டர் எழுதினால் சுருக்கிவிடுவார். அதனால், இன்ஸ்பெக்டர் ஐயா, உங்களிடம் தாள் வாங்கி நானே எழுதுகிறேன்.

பெயர் வைரவன். வயது நாற்பத்திரண்டு. தொழில், பழைய சாமான் வியாபாரம். தேக்குத் தூண், நிலைக்கதவு, பீங்கான், பித்தளை அண்டா. அப்பாவின் கடையில், பேரம் பேசுகிறவர்களின் காலடியில் வளர்ந்தவன். வருகிறவனைச் சிரிக்க வைத்துவிட்டால் பாதி விலை படிந்த மாதிரி என்பதை ஆறு வயதில் கண்டுகொண்டேன். சிரித்துவிட்டவன் அதன்பிறகு கறாராகப் பேச மாட்டான். அந்தத் தெருவில் என் பேச்சைக் கேட்டுச் சிரிக்காதவர்கள் இரண்டே பேர். ஒருவர், இரண்டு காதும் கேட்காத அரிசிக்கடைக்காரர். இன்னொருவர் என் மனைவி சொர்ணவல்லி.

அவளைக் குறை சொல்லவில்லை. பதினான்கு வருஷமாக நல்லபடியாகச் சமைத்துப் போடுகிறவள். நான் ஒரு வேடிக்கையைச் சொல்லி முடித்தால் முகத்தைப் பார்த்துவிட்டு, “முடிஞ்சுச்சா? சாப்பிட வாரீகளா?” என்பாள். அவ்வளவுதான்.

வியாபாரத்தோடு சினிமாக்காரர்களுக்கு வீடும் பிடித்துக் கொடுப்பேன். நம் பக்கத்துப் பெரிய வீடுகள் ஓர் ஆளுக்குச் சொந்தமில்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஒரே வீட்டுக்கு எட்டுப் பங்காளி, பத்துப் பங்காளி. ஒருவர் சென்னையில், ஒருவர் பினாங்கில். ஒவ்வொரு பங்குக்கும் கீழே ஓர் அறை, மாடியில் ஓர் அறை, தனித்தனிப் பூட்டு. ஒருவர் அறைக்குள் இன்னொருவர் எட்டிப் பார்ப்பது மரியாதை இல்லை. எல்லாரிடமும் சம்மதம் வாங்கி, சாவிகளை ஒரே வளையத்தில் கோத்துக் கொண்டுபோய்க் கொடுப்பது என் வேலை.

தொண்ணூற்று நாலில் டைரக்டர் பூமிநாதன் முதல் பாகம் எடுக்கக் கண்டரமாணிக்கத்தில் அப்படி ஒரு வீட்டைப் பேசிக் கொடுத்தேன். பேய்ப் படங்களைக் கிண்டல் செய்கிற படம். அதில் வருகிற பேய்க்கு மனுஷர்களைக் கண்டால் பயம். பேயாக நடிக்க வந்தவருக்கு மூன்றாம் நாளே மஞ்சள்காமாலை. பூமிநாதன் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். மூன்று நாளாக அந்த யூனிட்டையே சிரிக்க வைத்துக்கொண்டிருந்தவன் நான். அவர் நிமிர்ந்தால் என்னைத்தான் பார்ப்பார் என்று நின்றேன். பார்த்தார்.

“உங்களைப் பாத்தா பேய் மாதிரி இல்லண்ணே. பேயை நல்ல விலைக்கு வித்துட்டு வந்த ஆள் மாதிரி இருக்கீங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நல்ல வேடிக்கைதான், அதை மறுக்க முடியாது.

அப்போதுதான் ஃபெலிக்ஸ் உள்ளே வந்தார். காரைக்குடிப் பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். என் தெருவுக்கு அடுத்த தெரு. சனிக்கிழமை லீவில் ஷூட்டிங் பார்க்க மனைவி பவுலினோடு வந்தவர், வாசல் நிலைப்படியில் கால் இடறி, விழாமலிருக்க ஏழெட்டு அடி ஓடி, கடைசியில் என் மேலேயே வந்து விழுந்தார். நெட்டையான, ஒடிசலான ஆள். எழுந்து நின்று நிலைப்படியிடம் மன்னிப்புக் கேட்டார். பூமிநாதன் எழுந்துவிட்டார்.

“இவரு யாருண்ணே?”

“நமக்கு வேண்டியவர்தான்” என்று நானே கையைப் பிடித்துக் கொண்டுபோய் விட்டேன். இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பொறாமைக்காரன் அப்படிச் செய்ய மாட்டான்.

படம் வந்தது. ஃபெலிக்ஸுக்கு அதில் வசனம் என்று அதிகம் கிடையாது. விழுவார், அவ்வளவுதான். தியேட்டர் குலுங்கியது. பவுலின் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம், நடுவில் சொர்ணவல்லி. பல் தெரியச் சிரித்து நான் பார்த்திராத என் மனைவி, கண்ணில் நீர் வழிய, மூச்சு முட்ட, பவுலின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். என் கை இந்தப் பக்கம் சும்மாதான் இருந்தது.

மறுநாள் சாயங்காலம் கடையிலிருந்து வரும்போது என் வீட்டு நிலைப்படியில் நானும் வேண்டுமென்றே தடுக்கி விழுந்து பார்த்தேன். அவள் ஓடி வந்தாள். “அடிபட்டுருச்சா? பாத்து வரக் கூடாதா?” என்று நல்லெண்ணெய் தடவிவிட்டாள். நாலு நாள் முட்டி வலித்தது.

அதன்பிறகு டீக்கடையில் நான் ஒன்று சொல்ல வாயெடுத்தால், “செத்த இருங்கண்ணே, பேய் வாத்தியாரு வாராரு” என்பார்கள். அவர் வந்து பெஞ்சில் உட்காருவதற்குள் சிரித்துவிடுவார்கள். அவர் கூச்சப்படுவார். எனக்குக் கொடுக்கச் சொல்லி முதல் டீயை நகர்த்துவார். அந்த ஆளிடம் குற்றம் காண்பது சிரமமான வேலையாக இருந்தது.

தொண்ணூற்று ஆறில் இரண்டாம் பாகம் என்று பூமிநாதன் வந்தார். அதே வீடு வேண்டும். நான் பேரத்தில் உட்கார்ந்தேன். கமிஷன் ஒரு பைசா வேண்டாம், நகைச்சுவை வசனம் முழுக்க நான் எழுத வேண்டும், டைட்டிலில் தனி அட்டையில் என் பெயர் வர வேண்டும் என்றேன். அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. என் வாழ்க்கையில் நான் நஷ்டத்துக்குப் பேசிய ஒரே பேரம் அது என்று அப்போது தெரியவில்லை.

வாடகைக்கு வந்தவனும் பேயும் பேரம் பேசுகிற காட்சியை நாலு பக்கம் எழுதினேன். “பேய் இருக்குன்னு வாடகையைக் குறைக்கச் சொல்றியா? நான் காவலுக்கு இருக்கேன்னு கூட்டிக் கேக்கப் போறேன்” என்று பேய் சொல்லும். நல்ல வசனம். ஃபெலிக்ஸ் ஒரு வார்த்தை விடாமல் பேசினார். லைட்பாய்கள்கூடச் சிரிக்கவில்லை. பேசி முடித்துத் திரும்பும்போது வெள்ளைத் துணி காலில் சுற்றி ஒரு தள்ளாட்டம் தள்ளாடினார். மொத்த வீடும் சிரித்தது.

“பக்கத்தைக் குறைச்சிரலாம்ணே” என்றார் பூமிநாதன்.

ஃபெலிக்ஸ் தனியாக வந்தார். “வைரண்ணே, வசனம் பிரமாதமா இருக்கு. நாந்தான் இடையில தடுமாறிக் கெடுத்துப்புட்டேன். தப்பா எடுத்துக்கிராதீக. அம்புட்டும் பேச எனக்கு வாயி பத்தல. ரெண்டு வரி வச்சுக்கிருவமா?”

நாலு பக்கம் இரண்டு வரியானது. “வாத்தியாரே, உங்களுக்கு எது சௌகரியமோ அது” என்றேன். அவர் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

அவருடைய கால் ஒரு மாதம் படுத்திருந்தால் வசனத்துக்கு இடம் கிடைக்கும் என்று எனக்குத் தோன்றியது. அதுதான் என் எண்ணம். கால் மட்டும்.

மறுநாள் எடுக்க வேண்டியது மாடிக் காட்சி. மேல்தாழ்வாரத்தில் வரிசையாக எட்டுக் கதவு. எல்லாம் ஒரே தேக்கு, ஒரே செதுக்கு வேலை. ஏழு கதவில் வேப்பிலைக் கொத்து கட்டியிருக்கும். ஒரு கிழவி துடைப்பத்தோடு துரத்த, பேய் மாடிக்கு ஓடிவரும். ஒவ்வொரு வேப்பிலையையும் கண்டு பயந்து விலகி, வேப்பிலை இல்லாத நாலாவது கதவைத் திறந்து உள்ளே பாயும். உள்ளே மெத்தையும் பானைகளும் வைத்திருந்தார்கள். காலையில் ஒத்திகை நன்றாக நடந்தது.

ஐந்தாவது அறை பினாங்குப் பங்காளியுடையது. அது பூட்டியிருந்தது. அதன் தளம் கொஞ்சம் பழுது.

மத்தியானம் எல்லாரும் கீழே பந்தியில் இருந்தார்கள். அன்றைக்கு நல்ல கோழிக் குழம்பு. நான் பாதியில் எழுந்து கை கழுவிவிட்டு மாடிக்குப் போனேன். ஐந்தாவது கதவைத் திறந்து சும்மா சாத்தி வைத்தேன். அதிலிருந்த வேப்பிலையை அவிழ்த்து நாலாவது கதவில் கட்டினேன். ஒரு சணல் முடிச்சு, இரண்டு நிமிஷம். கீழே வந்து மோர் ஊற்றிச் சாப்பிட்டேன்.

தளம் பழுது என்று எழுதியிருக்கிறேன். கணக்காகச் சொன்னால், தளம் இல்லை. இரண்டு வருஷத்துக்கு முன் அந்தப் பங்காளி மற்றவர்களுக்குத் தெரியாமல் தன் பங்குத் தேக்குப் பலகைகளையும் உத்திரத்தையும் விற்றார். வாங்கியவன் நான். கீழறையும் அவர் பங்கு என்பதால் யாரும் பார்க்கவில்லை. அங்கே லாரியில் ஏற்றுவதற்காகக் கருங்கல் தூண்கள் கொஞ்சம் அடுக்கி வைத்திருந்தேன். பதினெட்டு அடி கீழே.

டேக் ஆரம்பித்தது. நான் காமிராவுக்குப் பக்கத்தில் சாவி வளையத்தோடு நின்றேன். ஃபெலிக்ஸ் ஓடிவந்தார். முதல் வேப்பிலை, இரண்டாவது, மூன்றாவது. நாலாவதிலும் வேப்பிலையைக் கண்டு ஒரு கணம் நின்றார். கணக்கு வாத்தியார் அல்லவா, நம்பர் ஞாபகம் இருந்திருக்கிறது. காமிராவுக்குப் பக்கத்தில் தெரிந்த முகம் என்று என்னைப் பார்த்தார்.

நான் தலையசைத்தேன்.

அவர் ஐந்தாவதைத் திறந்து காலை வைத்தார். ஒரு கை நிலையைப் பற்றியது. முகம் எங்கள் பக்கம் திரும்பியது. ‘இது ஒத்திகையில் இல்லையே’ என்று கேட்பது போல ஒரு முகம். ஒரே ஒரு நொடி. பிறகு கதவு மட்டும் இருந்தது.

எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். “கட்” என்று சொன்ன பூமிநாதனும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பானை உருளும் சத்தம் வரவில்லை என்பதை முதலில் கவனித்தவன் நான்தான்.

கீழே குடியிருந்த பங்காளி நாகம்மை ஆச்சி, “ஏன்டா வைரவா, இந்த அறைக்குத் தளம் எப்படா போச்சு?” என்று கேட்டார்கள். “எனக்கென்ன ஆச்சி தெரியும், சாவி மட்டுந்தானே எங்கிட்ட” என்றேன். திருட்டுத்தனமாக விற்ற வெட்கத்தில் பினாங்குப் பங்காளியும் வாய் திறக்கவில்லை. வேப்பிலை கட்டிய ஆர்ட் அசிஸ்டெண்டை அடித்து விரட்டினார்கள். நல்ல பையன், சினிமா அவனுக்கு ஒத்துவராது.

மதுரை ஆஸ்பத்திரியில் ஃபெலிக்ஸ் இரண்டு நாள்தான் உயிரோடு இருந்தார். திராட்சை வாங்கிக்கொண்டு போனேன். கண்ணைத் திறந்து, “உங்களைப் பாத்துட்டுத்தாண்ணே கதவைத் தொறந்தேன்” என்றார். கொஞ்ச நேரம் கழித்து, “காட்சி நல்லா வந்துச்சா?” என்றார். நல்லா வந்திருக்கு வாத்தியாரே என்றேன். பவுலின் திராட்சையைக் கழுவப் போயிருந்தாள்.

மிச்சப் படத்தை முகம் தெரியாத ஒரு டூப்பை வைத்து முடித்தார்கள். நிறைய வசனம் தேவைப்பட்டது. நாலு பக்கமும் திரும்ப வந்தது, மேலும் முப்பது பக்கம் எழுதினேன். அந்த மாடிக் காட்சியை நீக்கிவிடலாமா என்று பூமிநாதன் பவுலினிடம் கேட்டார். “சிரிக்க வைக்கத்தானே ஓடுனாரு. இருந்துட்டுப் போகட்டும்” என்று அவள் சொல்லிவிட்டாள். அது எந்த நாள் எடுத்த காட்சி என்று வெளியே யாருக்கும் தெரியாது.

படம் பொங்கலுக்கு வந்தது. தனி அட்டையில் என் பெயர் பெரிதாக வந்தது. சொர்ணவல்லியைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். முதல் அரை மணி நேரம் ஜனங்கள் முறுக்கு தின்கிற சத்தம்தான் கேட்டது. தியேட்டரில் ஸ்பீக்கர் சரியில்லை. டூப்புக்கு வசனம் பேசியவன் குரலும் சரியில்லை. பொங்கல் நாளில் வயிறு நிறைந்த கூட்டத்துக்கு நுணுக்கமான வேடிக்கை ஏறாது.

பிறகு அந்தத் தாழ்வாரம் வந்தது. வேப்பிலை, வேப்பிலை, வேப்பிலை. நின்றார், எங்களைப் பார்த்தார், கதவைத் திறந்தார், அந்த முகத்தோடு திரும்பினார். முழுத் தியேட்டரும் வெடித்துச் சிரித்தது. சொர்ணவல்லி பல் தெரிய, கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். இந்தத் தடவை அவள் பிடித்துக்கொண்டது என் கையை.

வீடு திரும்பும்போது, “அந்த ஒரு எடத்துலதான் சிரிச்சேன். பாவம் அந்த மனுசன், என்ன நடிப்பு” என்றாள்.

“அது அவரு நடிப்பு இல்ல. நான் யோசிச்சது” என்றேன்.

“என்ன சொல்லுறீக?”

சொன்னேன். வேப்பிலையிலிருந்து தலையசைத்தது வரை முழுவதும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. விடிந்ததும் அவள் உங்களிடம் வந்திருக்கிறாள்; நீங்கள் விசாரித்து என்னிடம் வர ஒரு வாரம் ஆகிவிட்டது. அதில் எனக்கு வருத்தமில்லை. சொன்ன விதத்தில்தான் நான் தவறு செய்துவிட்டேன், அவசரப்பட்டுவிட்டேன்.

இதை அவளிடம் படித்துக் காட்டுவீர்கள் என்று நினைக்கிறேன். அப்படிப் படித்தால், நான் தலையசைக்கிற இடத்தில் மட்டும் கொஞ்சம் நிறுத்திப் படியுங்கள். சிரிப்பு அங்கேதான் இருக்கிறது.