அங்காளம்மா வாய மூடுன மூணு வாரம்

...ஆணி அடிச்சிருந்தாகூட புடுங்கிப் போட்டுக்கினு போலாம் தம்பி. கோந்து! கோந்து தடவி ஒட்டிகீறான் பாரு, முன்ன குடியிருந்தவன்! நாலு செவுரும் முட்ட அட்ட. இத்தினி அட்ட முட்டையும் துன்னிருந்தா திருவள்ளூர் ஜில்லாவுக்கே வாயு புடிச்சிருக்கும். நீயே சொல்லு, இது மனுசன் இருந்த ரூம்பா, கோழிப் பண்ணையா? ஐயே, அத்தப் பிச்சிப் பாக்காத, சுண்ணாம்பும் சேர்ந்து வந்துரும்! குந்து. ரூம்பு பாக்க வந்தவன் நின்னுக்கினே இருந்தா எப்டி? நைட் ஷிப்ட்டு முடிச்சிட்டு நேரா வரியா? கண்ணு செவந்து போயிகீது. சிப்காட்ல எந்தக் கம்பெனி? சரி, எந்தக் கம்பெனியா இருந்தா எனுக்கு இன்னா, குந்து.

பகல்ல தூங்கணும், சத்தம் இல்லாத ரூம்பா வோணும்னுதான கேட்ட? அவனும் அப்டித்தான் கேட்டுக்கினு வந்தான். பென்னின்னு பேரு. மூஞ்சில பாலு வடியும். பக்கத்துக் கம்பெனில வேல. முதுகுல நீட்டமா ஒரு பையி, உள்ள கிட்டாரு. சர்ச்சுல வாசிக்கிற புள்ள போலகீதுன்னு நம்பி சாவியக் குடுத்துட்டேன்.

மறாநாளே ஆரம்பிச்சான் பேஜார! 'ஆன்ட்டி, மோட்டார ஆஃப் பண்றீங்களா, ரெக்கார்டிங்.' 'ஆன்ட்டி, மிக்சி.' 'ஆன்ட்டி, குக்கரு விசிலு...' குக்கரு விசில நான் இன்னாடா பண்றது, கைய வெச்சிப் பொத்தவா?

இன்னாடான்னு பாத்தா ஊட்டுலயே பாட்டு ரெக்கார்டு பண்றானாம். வெளிச் சத்தம் உள்ள வரக் கூடாதுன்னுதான் செவுரு பூரா முட்ட அட்டயாம். அந்தக் காலத்துல எங்க தெரு கோபாலு, மாரியாத்தா பாட்டு கேசட்டு போடறேன்னு மெட்ராசுக்குப் போயி, மணிக்கு இவ்ளோன்னு ஸ்டூடியோவுக்கு அழுது, ரெண்டு பசு மாட்ட வித்தான். ஸ்டூடியோக்காரனுக்கு ஒரு மாடு, தபேலாக்காரனுக்கு ஒரு மாடு. இவன் இன்னாடான்னா சோத்து டப்பா சைசுல ஒரு பொட்டி, ஒரு மைக்கு, ஒரு லேப்டாப்பு. முடிஞ்சிச்சி ஸ்டூடியோ! தபேலா? அதுவும் லேப்டாப்புக்குள்ளயே கீதாம். மாடு பொழச்சிச்சி, ஊட்டுக்காரி நான் மாட்டிக்கினேன்.

சரி, பாட்ட வித்து சம்பாரிக்கிறியாடான்னு கேட்டேன். 'பாட்ட எவனும் காசு குடுத்து வாங்க மாட்டான் ஆன்ட்டி, வீடியோல பேசனாத்தான் டப்பு'ன்றான். அப்பறம் கிட்டாரு எதுக்குடா? கைல புடிச்சிக்கினு பேசறதுக்காம்! அஞ்சி நிமிசம் வாசிப்பான். அம்பது நிமிசம் அந்தக் கம்பி நல்லாகீது, இந்தக் கம்பி சரில்ல, லிங்க்கு கீழ கீதுன்னு இஸ்துக்கினே கெடப்பான். ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். எரநூறு பேரு பாப்பாங்க, அதுல பாதி அவன் சர்ச்சு ஆளுங்க.

ஒரு நாளு... இரு, கொட்டாவி வுடாத, இனிமேத்தான் மேட்டரே... ஒரு நாளு தல முழுக்க சீயக்கா தேச்சிக்கினு நிக்கிறேன், கொழாயில சொட்டுத் தண்ணி இல்ல! மோட்டாரு போடலாம்னு வந்தா, சுச்சி மேல சீட்டு ஒட்டிகீறான்: 'ரெக்கார்டிங், போடாதீங்க.' என் ஊடு, என் மோட்டாரு, என் தல! வந்துச்சி பாரு எனுக்கு! கீழர்ந்து குடுத்தேன் ஒண்ணு. 'டேய் கம்பி நோண்டி! நீ நோண்டுற நோண்டுக்கு அந்தக் கம்பியே தூக்கு மாட்டிக்கும்டா! எறங்கி வாடா, உன் கிட்டார ஒடச்சி அடுப்புல வெச்சி வெந்நி போட்டுக் குளிக்கிறேன்!'

அந்தப் பேமானி அத்த வெட்டாம அப்டியே வீடியோல போட்டுட்டான்.

நாப்பதாயிரம் பேரு! மெய்யாலுமே தம்பி, நாப்பதாயிரம்! கீழ எழுதறானுங்க, 'யாருப்பா அந்த ஆன்ட்டி?' 'கிட்டாரக் கொறச்சி ஆன்ட்டி சவுண்ட ஏத்து.' அதுலருந்து வாரம் ரெண்டு வாட்டி நான் திட்டுவேன், அவன் புடிப்பான். கம்பிக் கம்பெனி, மைக்குக் கம்பெனின்னு அவனுக்குப் பார்சலாக் கொட்டுது. எனுக்கு ஒரு குக்கரு வாங்கித் தந்தான்.

குக்கரு கெடக்கட்டும் தம்பி. எங்க ஊட்டுக்காரு தேசப்பன் இரும்பு மில்லுல வேல செஞ்சி செஞ்சி காது மந்தம். முப்பது வருசமா நான் கத்துறதெல்லாம் செவுத்துக்குத்தான். சாப்ட வாய்யான்னு கத்துனா, 'மழையா வருது?'ன்னு கேக்கற ஆளு. இப்ப நாப்பதாயிரம் பேரு காது குடுத்துக் கேக்கறாங்க! சந்தோசத்துல எனுக்கு ரெண்டு நாளு சோறு எறங்கல.

அப்பறம் ஏன் போனானா? ம்... அத்த வுடு. பாத்ரூம்பு பாக்கறியா? வோணாவா? சரி, சொல்லித் தொலைக்கிறேன்.

நாலு பேரு பாக்கற பொம்பள, மருவாதியா இருக்க வேணாவான்னு தோணிச்சி. பட்டுப்பொடவ கட்டிக்கினேன். பார்லர்ல போயி மூஞ்சிக்கி இன்னாத்தையோ பூசிக்கினேன். கேமரா முன்னாடி குந்திக்கினு, 'வணக்கம் நண்பர்களே, தம்பி பென்னி மிகவும் அருமையாக வாசிக்கிறார்'ன்னு ஆரம்பிச்சேன். சொம்மா இல்ல, ஒரு வாரமா மனப்பாடம் பண்ணது! மோட்டார விடிகாலைலயே போட்டு நிறுத்திட்டேன். மிக்சிய எதிரூட்டுக்குத் தூக்கினு போயி அரச்சேன். தண்ணி கேன் வண்டிக்காரன ஆரன் அடிச்சா கைய ஒடச்சிருவேன்னு சொல்லி வெச்சேன். நாய்க்குப் பொரை போட்டு அடுத்த தெருவுக்கு அனுப்புனேன். மூணு வாரம் தெருவே கம்னு கெடந்துச்சி.

பாத்தா... திரும்பவும் எரநூறு பேரு. 'ஆன்ட்டி எங்க?'ன்னு எழுதறான் ஒருத்தன். தோ, பட்டுப்பொடவல குந்திக்கினுகீறேன்டா கண்ணு தெரியாதவனே!

'ஆன்ட்டி, பழையபடி ஒரே ஒரு திட்டு திட்டுங்களேன்'ன்னு கெஞ்சுனான் பென்னி. எப்டித் திட்றது? பழகிட்டான், நல்ல புள்ளயாயிட்டான், எனுக்குக் கோவமே வரல. தவள தன் வாயால கெடும்னுவாங்க. நான் வாய மூடிக்கினு கெட்டேன் தம்பி.

பொட்டியக் கட்டிக்கினு எளாவூர் போயிட்டான். செக்போஸ்ட்டாண்ட, டீக்கடை மேல ரூம்பு. நாளு பூரா லாரி ஆரனு. டீக்கடைக்காரி லட்சுமியம்மான்னு ஒருத்தி, இப்ப அவதான் திட்றா. பாத்தேன். 'ஏம்ப்பா, மெதுவா வாசி'ன்றா. அது ஒரு திட்டா? உப்பு கீதா, ஒறப்பு கீதா? அதுக்கு அறுவதாயிரம் பேரு! வயிறு எரியுது தம்பி. ஊடும் வெறிச்சோன்னு கீது.

சரி, உனுக்கு கிட்டாரு வாசிக்கத் தெரியுமா? தெரியாதா? பரவால்ல, பகல்ல தூங்கற நேரத்துல கத்துக்க. வாடகைல கொறச்சிக்கறேன். தம்பி, நீ சொம்மா கையில புடிச்சிக்கினு குந்து, மத்தத நான் பாத்துக்கறேன்...

இன்னா போன அப்டியே நீட்டிக்கினுகீற? வீடியோவா! நான் பேசறதயா? அய்யய்யோ, இந்தக் கந்தல் நைட்டியிலயா! இரு இரு, ரெண்டே நிமிசம், பட்டுப்பொடவ சுத்திக்கினு ஓடியாறேன். அசையாத!

...ஆங், வந்துட்டேன். புடி. வணக்கம் நண்பர்களே... தம்பி? தம்பீ?

அடப்பாவி, தோ தெரு முனையில ஓடுறான் பாரு! டேய், தூங்குமூஞ்சி! ரூம்பு பாக்க வந்தியா, ரேசு ஓட வந்தியாடா! உன் மூஞ்சிக்கி முட்ட அட்ட வேற கேக்குதா? முட்டைக்கே உன்னப் பாத்தா வெக்கமா இருக்கும்டா! ஓடு, ஓடு! நீ எங்க போயிப் படுத்தாலும் தலமாட்டுல ஒரு குக்கரு விசில் அடிச்சிக்கினே இருக்கும்டா, இது இந்த அங்காளம்மா வாக்கு!

...ச்சே. எவ்ளோ நல்லா வந்துச்சி! புடிக்கறதுக்கு ஒரு நாதி இல்லியே...

யோவ், நீ இன்னாயா எட்டிப் பாக்குற? மழையும் இல்ல, கிழையும் இல்ல! போ உள்ள!