சண்டை பிடிக்க ஆருமில்லை

முல்லைத்தீவிலிருந்து வவுனியா போகும் பஸ் புளியங்குளத்தில் நின்றபோது, எனக்கு முன்னால் இருந்த இரண்டு மீனவர்களில் மூத்தவர் திடீரென்று சொன்னார்:

"மச்சான், நேற்று ஒரு சினை நண்டைத் திருப்பிக் களப்புத் தண்ணியில விட்டிட்டன். ஏனெண்டு எனக்கே விளங்கேல்லை."

"முட்டையோட வந்தா விடவேணுமெண்டு மீனவர் சங்கத்தில சட்டம்தானே?"

"சட்டம் கிடக்கட்டும். அங்க என்னைப் பாக்கக் காகம் குருவிகூட இல்லை."

"மாதாவுக்குப் பயந்தனியோ?"

"மாதா மன்னிச்சுப்போடுவா. பெரிய நண்டு மச்சான். கறி அந்தமாதிரி இருந்திருக்கும்."

"பிறகேன் விட்டனி?"

பஸ் வெளிக்கிட்டது. மூத்தவர் இளையவர் பக்கம் திரும்பினார்.

"போன கிழமையும் ஒரு சினை நண்டு பட்டது. சங்கத்து ஆளொருத்தன் கரையில நிண்டு 'அதை விடு' எண்டு கத்தினவன். நீ ஆர் எனக்குச் சொல்ல எண்டு சண்டை பிடிச்சு, நண்டைக் கூடைக்குள்ள போட்டுக்கொண்டு வந்தனான். நேற்றும் போடத்தான் எடுத்தனான். ஆனா சண்டை பிடிக்க அங்க ஆருமில்லை. நானும் நண்டும்தான். திருப்பிப் பாத்தன், வயிறு முழுக்க முட்டை."

இளையவர் கேட்டார்:

"அப்ப சங்கத்து ஆக்களைக் கரைக்கு வரவேண்டாமெண்டு சொல்லுவமோ?"

"நீ சொல்லு. நான் சொன்னா, 'நீ ஆர் எங்களுக்குச் சொல்ல' எண்டு கட்டாயம் வருவாங்கள்."