மூன்று வார மணல்

புது மணலுக்கு மூன்று வாரம் பொறுக்கத் தெரிந்தால் போதும், ஐயா. பிறகு பத்து வருஷம் அது நம்மைப் பார்த்துக்கொள்ளும். இதைச் சொல்லிச் சொல்லியே என் வாய் தேய்ந்துவிட்டது.

குதிரைச் சவாரித் திடல் என்றால் மணலைக் கொட்டிப் பரப்பிவிடுவது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். கீழே இடித்துக் கெட்டிப்படுத்திய கல், அதன்மேல் தடித்த துணி, துணியின்மேல் நார் கலந்த மணல் அரை அடிக்கும் குறைவாக. முதல் வாரம் தண்ணீர் தெளித்து உருளை ஓட்டுவது மட்டும்தான். ஒரு குளம்பும் படக் கூடாது. இரண்டாம் வாரம் குதிரையை நடத்தலாம். மூன்றாம் வாரம் மெல்ல ஓடவிடலாம். அவசரப்பட்டுப் பாய்ச்சினால் குளம்பு துணிவரை இறங்கிக் கிழித்துவிடும், கல் மேலே வந்துவிடும். அப்புறம் தலைகீழாக நின்றாலும் சரிசெய்ய முடியாது.

முப்பது திடல் போட்டிருக்கிறேன். முடித்த மறுநாளே மூட்டை கட்டிவிடுவேன். இது ஒன்றைத்தான் கூடவே இருந்து பார்த்துக்கொள்ளும்படி சவாரிப் பள்ளி முதலாளியம்மா என்னிடம் ஒப்படைத்தார். பெண்டாட்டி பிள்ளை இல்லாதவன் நான். ஐம்பத்து நான்கு வயதில் எனக்கென்று வாய்த்த மணல் அது.

அங்கே சவாரி கற்றுக்கொடுக்கும் மாஸ்டர் என் தங்கை புருஷன். எனக்கு அந்த வேலையைச் சொல்லி வாங்கிக்கொடுத்தவரும் அவர்தான், அதை மறைக்க மாட்டேன். குதிரைமேல் அவர் கை பூப்போல விழும். வீட்டில் அப்படி இல்லை. ஆறாம் நாள் என் தங்கை உதடு கிழிந்து திடலுக்கே வந்து நின்றாள். பொறுத்தார் பூமி ஆள்வார் என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன்.

பன்னிரண்டாம் நாள் பிற்பகல் உருளையை டிராக்டரில் மாட்டிக்கொண்டிருந்தேன். திடல் மூடியிருந்ததால் வகுப்பு இல்லை, ஆட்களும் இல்லை. மாப்பிள்ளை கறுப்புக் குதிரைமேல் இருந்தபடியே கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தார்.

"மாப்ளே, இன்னும் ஒன்பது நாள் இருக்கு. நடத்திட்டு மட்டும் போங்க."

"இது மணலா பச்சப்புள்ளையா மச்சான்? தொட்டில் கட்டி ஆட்டுங்களேன்" என்று சிரித்துக்கொண்டே குதிகாலால் ஒரு தட்டுத் தட்டினார்.

இரண்டு சுற்று பாய்ச்சினார். மூன்றாவது சுற்றில் நடுத்திடலில் திருப்பியபோது முன்னங்கால் துணியில் சிக்கிக் குதிரை விழுந்தது. குதிரை எழுந்துவிட்டது. அவர் எழவில்லை. இடுப்பு போய்விட்டது என்று கால் திரும்பிக் கிடந்த விதத்திலேயே தெரிந்தது.

"மச்சான், கை குடுங்க. எந்திரிக்க முடியல."

நான் குதிரையைப் பிடித்து வேலியோரமாகவே வெளியே கொண்டுபோய்க் கட்டினேன். நான்கு காலையும் தடவிப் பார்த்தேன். பழுதில்லை. மனசுக்கு நிம்மதியாக இருந்தது. பிறகு வந்து டிராக்டரைக் கிளப்பினேன்.

நீங்கள் நேற்று கேட்டீர்கள்: "கோபம்னா நேரா அவன்மேல ஏத்தியிருப்பே. ஏன்யா ஓரத்துலேர்ந்து ஆரம்பிச்சே?" நடுவிலிருந்து யாரும் உருளை ஓட்டமாட்டார்கள், ஐயா. மணல் பக்கவாட்டில் பிதுங்கிவிடும். வேலியோரம் தொடங்கி, முந்தைய வரிசையின்மேல் பாதி ஏறுமாறு அடுத்ததை ஓட்ட வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு இடமும் இரண்டு முறை அமுங்கும். ஒரு வரிசைக்கு ஒரு நிமிஷம், திரும்புவதற்குக் கொஞ்சம்.

முதல் சில வரிசைகளில் நான் விளையாடுகிறேன் என்று நினைத்தார். ஐந்தாவதில் "சரி மச்சான், தப்புதான், இனிமே வரல" என்றார். ஏழாவதில் என் அம்மாவைத் திட்டினார். ஒன்பதாவதில் என் தங்கையைக் கூப்பிட்டு அழுதார். முழங்கையை ஊன்றி எதிர்வேலிப் பக்கம் நகர ஆரம்பித்தார். அந்த இழுப்பில் மணலில் ஒரு நீளப் பள்ளம் விழுந்துகொண்டே போனது. அவர் முதலில் கிடந்த இடத்துக்குப் பதின்மூன்று வரிசை போதும். நகர்ந்ததால் இரண்டு கூடிவிட்டன.

உருளை ஒன்றரை டன். பதினைந்தாவதில் கால்கள். அவர் போட்ட சத்தத்தில் வெளியே குதிரை கயிற்றை இழுத்தது. திரும்பி வந்தேன். பதினாறாவதில் மீதி. அதற்குப் பிறகு எதிர்வேலிவரை இருந்த பத்து வரிசையையும் ஓட்டி முடித்தேன். பாதியில் விடும் பழக்கம் எனக்கில்லை. பிறகுதான் உங்கள் ஸ்டேஷனுக்குப் போன் செய்தேன்.

தங்கைக்காகச் செய்தேன் என்று சொல்லச் சொல்கிறார் வக்கீல். தண்டனை குறையுமாம். நேற்று அவளே வந்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்காகத்தானேண்ணே? அன்னிக்கு என்னைப் பாத்ததுலேர்ந்து உனக்கு மனசு ஆறலதானே?"

"ஆமாம்மா" என்றேன்.

நான் சொன்ன ஒரே பொய் அதுதான். அதை மட்டும் எழுதாதீர்கள். அன்று அவள் கதவிலிருந்து மணலின் குறுக்கே செருப்போடு ஓடிவந்தாள். பதினோரு காலடி, இரண்டு இடத்தில் ரத்தச் சொட்டு. அவள் பேசிக்கொண்டிருக்கும்போதே சொட்டு விழுந்த மணலைக் கரண்டியால் அள்ளி வெளியே போட்டேன், தடங்களைப் பலகையால் இழுத்துச் சமன் செய்தேன். எல்லாம் சரியானபோது அவள் போய்விட்டிருந்தாள்.

நான் கல்நெஞ்சக்காரன் இல்லை, ஐயா. அவள் வேலியோரமாகச் சுற்றி வந்திருந்தால், அன்றைக்கே அவள் முகத்தை நிமிர்ந்து பார்த்திருப்பேன்.